மண்டல் பாபுவிடம் இருந்த பாதி

கணினிப் பாதுகாப்பு வேலைக்கு இந்த வருடம் வந்திருக்கும் தம்பி தங்கைகளே, எதைப் பற்றி எழுதட்டும் என்று கேட்டேன். "நீங்க ஜெயிச்ச கதைய எழுதுங்க ஆன்ட்டி" என்றார் உங்களில் ஒருவர். எழுதுகிறேன். ஜெயித்தோம் என்பதில் சந்தேகமே இல்லை. ஆனால் அதில் என் பங்கு எவ்வளவு என்பதைப் படித்து முடித்துவிட்டு நீங்களே சொல்லுங்கள். இன்றும் தெரியாத எண்ணிலிருந்து போன் வந்தால் என் இடது கை தானாக நாற்காலிப் பிடியைத் தேடுகிறது.

நான் வேலை பார்த்தது கொல்கத்தாவில், கரியாஹாட் சந்திப்பிலிருந்து இரண்டு சந்து தள்ளி இருக்கும் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில். ஹவுராவில் ஒன்று, லேக் மார்க்கெட்டில் ஒன்று என்று ஏழு கிளைகள் உண்டு. கல்யாணமாகிக் கோயம்புத்தூர்ப் பக்கத்திலிருந்து இங்கே வந்தவள் நான். கணவருக்குத் துறைமுகத்தில் வேலை. என் பெயர் வசந்தி. வங்காளிகள் வாயில் அது பசந்தி. வயதில் மூத்தவள் என்பதால் அக்கா என்ற பொருளில் ஒரு 'தி' சேர்த்து, பசந்தி தி. ஆண்களுக்கு அண்ணன் என்ற பொருளில் 'தா'.

ரத்தப் பரிசோதனை நிலையத்தின் சொத்து அதன் இயந்திரங்கள் என்று நினைத்துத்தான் நானும் சேர்ந்தேன். இயந்திரத்தை இன்னொன்று வாங்கிவிடலாம். ஹவுராக் கிளைக்கு வரும் ஒரு தச்சருடைய நான்கு வருட வெள்ளையணு எண்ணிக்கையை எங்கே போய் வாங்குவது? அந்த எண்கள் ஏறுகிறதா இறங்குகிறதா என்று பார்த்துத்தான் அவருடைய டாக்டர் அடுத்த மருந்தை எழுதுவார். எங்கள் சொத்து அந்த எண்கள்தான். இதைப் புரிந்துகொள்ள எனக்கு ஒரு தவறு தேவைப்பட்டது. அந்தத் தவறு முதலில்.

இங்கே ஒவ்வொருவருக்கும் இரண்டு பெயர். பள்ளிக்கூடத்துக்கும் ஆதார் அட்டைக்கும் ஒன்று. வீட்டிலும் தெருவிலும் கூப்பிட இன்னொன்று. எங்கள் நிலையத்தின் உரிமையாளர் டாக்டர்பாபுவுக்கு எழுபது வயது. அவர் மாடிப்படி ஏறும் சத்தம் கேட்டாலே எல்லோரும் காபிக் கோப்பையை மறைப்போம். அவருடைய கூப்பிடும் பெயர் பாப்லு. எல்லோருக்கும் தெரியும், யாரும் சொல்ல மாட்டோம். ஆகவே பாப்லு என்று வாய்விட்டுச் சொல்கிறவர் கட்டாயம் அவர் வீட்டு மனிதர். எங்கும் எழுதிவைக்காத அடையாள அட்டை அது.

ஒரு நாள் மதியம் வரவேற்பு மேசைக்கு ஒரு போன். அங்கே உட்கார்ந்திருந்தது ரிம்பா என்ற இளம்பெண். "பாப்லு தாவோட இப்பதாம்மா பேசினேன். கம்ப்யூட்டர் மெதுவா ஓடுதுன்னு திட்டறார். நான் இங்கேருந்தே சரி பண்ணித் தரேன், நான் சொல்றத மட்டும் அழுத்து" என்றது குரல். காதுக்கும் தோளுக்கும் நடுவே போனை இடுக்கிக்கொண்டு, ரிம்பா ஒவ்வொன்றாக அழுத்தினாள். நான் சாப்பிட்டுவிட்டு வந்தபோது அவள் இரண்டு கையையும் மடியில் வைத்திருந்தாள். திரையில் அம்புக்குறி தானாக நகர்ந்து நோயாளிகளின் பட்டியலைத் திறந்துகொண்டிருந்தது. ஓடிப்போய்க் கம்பியைப் பிடுங்கினேன்.

பாப்லு என்ற பெயர் வெளியே போன வழியையும் கண்டுபிடித்தோம். டாக்டர்பாபுவின் அம்மா இறந்து ஒரு வருடமானபோது குடும்பத்தார் பத்திரிகையில் நினைவஞ்சலி கொடுத்திருந்தார்கள். கீழே பிள்ளைகளின் பெயர்கள், எல்லாமே கூப்பிடும் பெயர்கள். முதல் பெயர் பாப்லு.

அன்று நான் செய்த தவறு, ரிம்பாவை எல்லோர் முன்னாலும் கிழித்தது. "செல்லப் பேரச் சொன்னா சாவியக் கொடுத்துடுவியா? நாளைக்கு எவனாவது வந்து என்னை அக்கான்னு கூப்பிட்டா நான் பீரோவத் திறந்து விடணுமா?" கூட்டம் சிரித்தது. ரிம்பா கழிப்பறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

ஆவண அறைப் பொறுப்பாளர் மண்டல் பாபு சிரிக்கவில்லை. அவர் என்னைவிட இரண்டு வயது சின்னவர். கணினி பக்கமே வராதவர். காகிதக் கோப்புகளோடு வாழ்கிறவர். சாயங்காலம் என் மேசைக்கு வந்தார்.

"பசந்தி தி, அந்தப் பொண்ணு மறுபடியும் ஒரு தப்பு பண்ணினா உங்ககிட்ட வந்து சொல்லுவாளா?"

"சொல்லித்தானே ஆகணும்?"

"இன்னிக்கு நீங்க பேசினதுக்கப்புறம் நானே சொல்ல மாட்டேன். அவ எப்படிச் சொல்லுவா?"

மறுநாள் ரிம்பாவை என் கணினிப் பிரிவுக்கே மாற்றித் தரச் சொல்லிக் கேட்டு வாங்கிக்கொண்டேன். மன்னிப்புக் கேட்கவில்லை. வேலை கொடுத்ததே மன்னிப்பு என்று நினைத்துக்கொண்டேன். மேலதிகாரிகள் அப்படித்தான் நினைப்போம்.

பிறகு நிலையத்தின் பேக்கப்பை மாற்றி அமைத்தேன். எல்லாக் கிளைகளின் பதிவுகளுக்கும் ஒரு பிரதி, ஊருக்கு வெளியே ஒரு தரவு நிலையத்தில். அதைத் திறக்கவோ அழிக்கவோ நீளமான ஒரு பாஸ்வேர்ட். முதல் பாதி என் தலையில். மறுபாதி, உறையில் போட்டு ஒட்டி, மண்டல் பாபுவின் இரும்பு அலமாரியில். என் பாதி அவருக்குத் தெரியாது, அவர் பாதி எனக்குத் தெரியாது. இந்த ஏற்பாட்டை எந்த மின்னஞ்சலிலும் எழுதவில்லை. ஒரே ஒரு தாளில் கையால் எழுதி, உறையோடு சேர்த்து வைத்தோம். அந்தத் தாளில் ஒரு விதி: கேட்டு வருகிறவர் கையில் போன் இருந்தால் உறையைக் கொடுக்கக் கூடாது. தோளில் போனை இடுக்கிய ரிம்பா என் கண்ணில் நின்றதால் எழுதிய விதி.

"கேக்கறது டாக்டர்பாபுவா இருந்தா?" என்றார் மண்டல் பாபு.

"கொடுக்காதீங்க."

"நீங்களா இருந்தா?"

"நானா? நான் எதுக்கு போனோட வரப்போறேன்?" என்று சிரித்தேன்.

அடுத்த வருடம் மழைக்காலம். ஒரு வெள்ளிக்கிழமை காலை ஆறு மணிக்கு ஹவுராக் கிளையிலிருந்து அழைப்பு. எந்தக் கோப்பும் திறக்கவில்லை, திரையில் மிரட்டல் கடிதம் நிற்கிறது என்றார்கள். ஹவுராவை மற்ற கிளைகளிடமிருந்து உடனே துண்டிக்கச் சொன்னேன். சமையலைப் பாதியில் முடித்து, தெருவில் முழங்கால் தண்ணீரில் இறங்கி ஆபீசுக்கு வந்தேன். பாதிப்பேர் வரவில்லை. மண்டல் பாபு காற்சட்டையை முழங்காலுக்குச் சுருட்டிக்கொண்டு வந்திருந்தார். ரிம்பா எனக்கு முன்னால் வந்திருந்தாள்.

எனக்குப் பெரிய பயம் இல்லை. ஹவுராப் பதிவுகளைப் பூட்டிவிட்டார்கள், சரி. பிரதி நம்மிடம் இருக்கிறது. இயந்திரங்களைத் துடைத்து, பிரதியிலிருந்து மீட்டால் முடிந்தது. மற்ற கிளைகளை நிறுத்தவில்லை. மழை நாளில் ரத்தம் கொடுக்க வந்திருப்பவர்களைத் திருப்பி அனுப்ப மனம் வரவில்லை. அது இன்னொரு தவறு. ஒரு இடத்தில் தீ தெரிந்தால் மற்ற இடங்களில் புகை தெரியும்வரை காத்திருக்கக் கூடாது.

பதினொன்றரை மணி இருக்கும். என் கைபேசியில் தெரியாத எண்.

"அம்மா... நான் அம்மிணி. பயமா இருக்குதும்மா. புடிச்சு வெச்சிருக்காங்க..."

என் மகள் யாழினி. கல்லூரியில் விலங்கியல் இரண்டாம் வருடம். அவளை அம்மிணி என்று கூப்பிடுவது நானும் அவள் அப்பாவும் மட்டும்தான். கொல்கத்தாவில் வேறு யாருக்கும் அந்தச் சொல்லே தெரியாது. குரல் அவளுடையது. அழும்போது மூச்சை உள்ளே இழுக்கும் சத்தமும் அவளுடையது. அது அவளா என்ற கேள்வி எனக்குள் எழவே இல்லை. இதை நீங்கள் நன்றாக நினைவில் வைக்க வேண்டும். பதினெட்டு வருடம் இந்தத் தொழிலில் இருந்தவள், ஒரு வருடத்துக்கு முன்னால் ரிம்பாவைப் பார்த்துச் சிரித்தவள், ஒரு செல்லப் பெயரில் விழுந்தேன்.

பிறகு ஒரு ஆண் குரல், மரியாதையான இந்தியில். "மேடம்ஜி, உங்க ஆபீஸ்ல என்ன நடக்குதுன்னு உங்களுக்குத் தெரியும். பேக்கப் உங்க பொறுப்புன்னு எங்களுக்குத் தெரியும். பாஸ்வேர்டச் சொல்லுங்க. பொண்ணு வீட்டுக்கு வந்துடுவா. போனை வைக்காதீங்க. யார்கிட்டயும் பேசாதீங்க."

நான் என்ன செய்தேன் தெரியுமா? என் பாதியைச் சொல்லிவிட்டேன்.

ஆமாம். ஒவ்வொரு எழுத்தாக, தெளிவாக, தவறில்லாமல். ஹவுராத் தச்சரோ, ஏழு கிளைகளின் நோயாளிகளோ, ஒருவர் முகமும் என் முன்னால் வரவில்லை. சொல்லி முடித்தபின், "இது பாதிதான். இன்னொரு பாதி வேற ஒருத்தர்கிட்ட இருக்கு" என்றேன். அது அவனுக்குத் தெரியாத செய்தி.

"வாங்கிட்டு வாங்க மேடம்ஜி. போனைக் காதுலயே வெச்சுக்கங்க."

ஆவண அறைக்குப் போனேன். போனின் பேசும் பக்கத்தை உள்ளங்கையால் மூடிக்கொண்டு, ஒரு சீட்டில் 'உறை வேண்டும், இப்போதே' என்று எழுதி நீட்டினேன். மண்டல் பாபு சீட்டைப் படித்தார். என் முகத்தைப் பார்த்தார். பிறகு விரலை நீட்டி என் கையில் இருந்த போனைக் காட்டி, தலையை இடமும் வலமும் ஆட்டினார்.

அடுத்த சீட்டு: 'என் மகளைப் பிடித்து வைத்திருக்கிறார்கள்.'

அவர் முகம் வெளுத்தது. எழுந்தார். அலமாரியைத் திறக்கத்தான் எழுந்தார் என்று நினைத்தேன். அலமாரிச் சாவியை எடுத்துத் தன் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார். நான் அவர் சட்டையைப் பிடித்து உலுக்கினேன். ஒரு பொத்தான் தெறித்துக் கோப்புகளுக்குள் விழுந்தது. அவர் என் கையைத் தட்டிவிடவில்லை. என் சீட்டின் பின்பக்கத்தில் எழுதினார்: 'எந்தக் காலேஜ்? எந்த வகுப்பு?'

எழுதிக் கொடுத்தேன். அவர் வாசலுக்குப் போய் ஷம்புவைக் கூப்பிட்டார். வீடு வீடாகப் பைக்கில் போய் ரத்தம் எடுத்து வருபவர் ஷம்பு. என் மகளுக்கு டெங்கு வந்தபோது மூன்று முறை ஊசி குத்தியவர். கல்லூரி கரியாஹாட்டிலிருந்து பைக்கில் பத்து நிமிடம். தண்ணீர் தேங்கிய நாளில் எத்தனை நிமிடம் என்று கடவுளுக்குத்தான் தெரியும். ரிம்பா அதற்குள் யாழினியின் கைபேசிக்கு அழைத்துப் பார்த்துவிட்டாள். மணி அடித்தது, எடுக்கவில்லை. கல்லூரி அலுவலகத்தில் யாரும் எடுக்கவில்லை.

நான் தரையில் உட்கார்ந்திருந்தேன். "மேடம்ஜி, எவ்வளவு நேரம்?" என்றான் அவன். "சாவி வெச்சிருக்கறவர் மழையில மாட்டிக்கிட்டார், வந்துட்டிருக்கார்" என்றேன். முதல் பொய். அதைச் சொல்லச் சொல்லி எழுதிக் காட்டியது மண்டல் பாபு. இடையிடையே அந்த அழுகுரலைக் கேட்க வைத்தான். ஒவ்வொரு முறையும் நான் எழுந்து அலமாரியைப் பார்த்துப் போவேன். ஒவ்வொரு முறையும் மண்டல் பாபு குறுக்கே நிற்பார். பெரிய ஆள் இல்லை அவர், ஒல்லி. அன்று அந்த அலமாரி அளவுக்கு இருந்தார்.

எத்தனை நேரம் என்று எனக்குத் தெரியாது. ரிம்பா ஓடிவந்தாள். அவள் போனில் ஷம்பு வீடியோவில் இருந்தார், தலையிலிருந்து தண்ணீர் சொட்ட. ரத்தம் வைக்கும் ஐஸ் பெட்டியைத் தூக்கிக்காட்டி, "எமர்ஜென்சி, எமர்ஜென்சி" என்று கத்திக்கொண்டே காவலாளியைத் தாண்டியிருக்கிறார். படம் திரும்பியது. வெள்ளைக் கோட்டு, கையில் ஒரு கத்தரிக்கோல், முகமெல்லாம் எரிச்சல். என் மகள்.

ரிம்பா தன் போனின் சத்தத்தை நன்றாகக் குறைத்து என் வலது காதில் வைத்தாள். இடது காதில் என் மகள் அழுதுகொண்டிருந்தாள். வலது காதில் என் மகள் கேட்டாள்: "என்னம்மா இது? பிராக்டிகல் நடந்துட்டிருக்குது. மேடம் முறைக்கறாங்க."

இங்கே என் உடம்பெல்லாம் சந்தோஷம் பொங்கியிருக்க வேண்டும். இல்லை. எந்தக் காதை நம்புவது என்று தெரியவில்லை. ஒன்றைச் செய்ய முடிந்தவனுக்கு இன்னொன்றைச் செய்ய முடியாதா? இடது கையில் இருந்த போனைப் புடவைக்குள் அழுத்திக்கொண்டு கிசுகிசுத்தேன்.

"டப்பால இன்னிக்கு என்ன வெச்சேன்? சொல்லு கண்ணு."

"அதைக் கேக்கவா இந்த மனுஷன நனைய வெச்சே?"

"சொல்லு!"

"சந்தகை. எலுமிச்சம்பழம் புழிஞ்சது. உப்பே போடல நீ. சுஷ்மிதா ஒரு வாய் தின்னுட்டு மூஞ்சியச் சுளிச்சா. மானமே போச்சு."

காலை ஆறு மணி அழைப்பில் நான் உப்பை மறந்திருக்கிறேன். அது எனக்கே அப்போதுதான் தெரியும். உலகத்தில் வேறு எவனுக்கும் தெரிய வழி இல்லை. என் மகள் வலது காதில்தான் இருந்தாள்.

அப்போதுதான் என் மூளை திரும்பி வந்தது. வந்ததும் ஒன்றைச் சொன்னது: போனை வைத்துவிடாதே. இவன் மறுபாதிக்காகக் காத்திருக்கிறான். பிரதியை அழித்தால்தான் ஹவுராவில் மிரட்டல் பலிக்கும். கிடைக்காது என்று தெரிந்த நொடியில், மற்ற கிளைகளில் எங்கெங்கே கால் வைத்திருக்கிறானோ அங்கெல்லாம் பூட்டிவிடுவான். ரிம்பாவுக்குச் சீட்டு எழுதினேன்: 'மீதி ஆறு கிளைகளுக்கும் போன். எல்லாக் கணினியின் நெட் கம்பியையும் பிடுங்கச் சொல். கேள்வி கேட்டால் திட்டு.'

ரிம்பா பக்கத்து அறைக்குப் போனாள். நான் தரையிலேயே உட்கார்ந்து அழுதேன், கெஞ்சினேன், வராத ஒருவருக்காக ஜன்னலைப் பார்த்து "வந்துட்டார், வந்துட்டார்" என்றேன். நடிப்பு என்று சொல்லிக்கொள்ள ஆசைதான். அழுகை உண்மையானது, நிறுத்தத் தெரியவில்லை, அதைப் பயன்படுத்திக்கொண்டேன். அவ்வளவுதான். அடுத்த அறையிலிருந்து ரிம்பாவின் குரல் கேட்டுக்கொண்டே இருந்தது. "பேஷண்ட் நிக்கறார்னா நிக்கட்டும்! மொதல்ல கம்பியப் புடுங்கு தாதா! புடுங்கிட்டு என்கிட்ட சொல்லு!"

ஆறாவது விரலை அவள் கதவோரம் நீட்டிக் காட்டியபோது நான் மண்டல் பாபுவைப் பார்த்துத் தலையாட்டினேன். அவர் குனிந்து என் கையிலிருந்து போனை வாங்கிக்கொண்டார். தொண்டையைச் செருமினார். அவருடைய இந்தி மோசம்.

"பாய்சாப், நான்தான் மறுபாதி. எங்க ஆபீஸ்ல ஒரு விதி இருக்கு. கையில போன் வெச்சிருக்கறவங்களுக்கு நாங்க கொடுக்கறதில்லை."

வைத்துவிட்டார்.

பிறகு ஆய்ந்து பார்த்ததில், ஆறு கிளைகளில் மூன்றில் அவர்கள் ஏற்கெனவே நுழைந்திருந்தது தெரிந்தது. லேக் மார்க்கெட்டில் பூட்டும் நிரல் தயாராக உட்கார்ந்திருந்தது, கட்டளை மட்டும் வரவில்லை. ஹவுராக் கணினியில் பல நாள் குடியிருந்து எங்கள் கடிதங்களைப் படித்திருக்கிறார்கள். பேக்கப் என் பொறுப்பு என்பதும் என் எண்ணும் அங்கேதான் கிடைத்தன. கடிதத்தில் இல்லாத ஒன்று, அந்தக் கையெழுத்துத் தாள்.

அன்று மதியமே சைபர் குற்றப் பிரிவில் புகார் கொடுத்தோம். பாஸ்வேர்டின் இரண்டு பாதிகளையும் மாற்றினோம். டாக்டர்பாபு அறையில் எல்லோரும் கூடினோம். என் பாதியை நான் சொல்லிவிட்டேன் என்று எல்லோர் முன்னாலும் சொன்னேன். வேலையை விட்டுவிடுவதாகவும் சொன்னேன்.

டாக்டர்பாபு கண்ணாடியைக் கழற்றினார். "பசந்தி, ஹவுரா எப்ப எழுந்து நிக்கும்?"

"நாளைக்குச் சாயங்காலம்."

"அப்ப அழுகைய நாளைக்குச் சாயங்காலத்துக்கு அப்புறம் வெச்சுக்க."

நான் ரிம்பா பக்கம் திரும்பினேன். ஒரு வருடம் தாமதமாக, அதே கூட்டத்துக்கு முன்னால், அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். "விடுங்க தி" என்றாள். பிறகு, சும்மா இருக்க முடியாமல், "பீரோவைத் திறந்துவிடலையே, பாதிதானே திறந்தீங்க" என்றாள். கூட்டம் சிரித்தது. இந்த முறை நானும்.

சனிக்கிழமை முழுக்க இயந்திரங்களைத் துடைத்தோம், மீட்டோம், சரிபார்த்தோம். அந்தத் தொழில்நுட்பம் உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். ஒன்று மட்டும் சொல்கிறேன்: எங்கள் பிரதி மீளும் என்று எனக்கு எப்படித் தெரியும்? மூன்று மாதத்துக்கு ஒரு முறை மீட்டுப் பார்த்திருந்தோம். எடுத்து வைத்த பிரதியை ஒரு முறையாவது திறந்து பார்க்காதவரை அதை எண்ணி நிம்மதியாகத் தூங்காதீர்கள். சாயங்காலம் ஆறு மணி வாக்கில் ஹவுராக் கிளையின் அச்சு இயந்திரம் ஒரு தாளைத் துப்பியது. அந்தத் தச்சரின் நான்கு வருட எண்கள், வரிசை குலையாமல். போனில் அதைச் சொன்ன அடுத்த நொடி, அந்தப் பக்கம் யாரோ சங்கு ஊதினார்கள். இந்தப் பக்கம் ரிம்பா சாமிப் படத்துக்கு அருகில் இருந்த சங்கை எடுத்து ஊத, பரிசோதனைக்கூடப் பெண்கள் எல்லோரும் நாக்கைச் சுழற்றிக் குலவையிட்டார்கள். கீழே ரசீதுக்காக நின்ற ஒருவர் யாருக்குக் கல்யாணம் என்று கேட்டாராம். ஒரு ரூபாய்கூடக் கொடுக்கவில்லை நாங்கள். ஒரு நோயாளியின் ஒரு எண்கூடத் தொலையவில்லை.

ஆனால் ஹவுராப் பதிவுகளை அவர்கள் பார்த்திருக்கலாம். அதை மூடி மறைக்க ஆசை இருந்தது, இல்லை என்று சொல்ல மாட்டேன். டாக்டர்பாபு அந்த நோயாளிகளுக்குத் தன் பெயரில் கடிதம் அனுப்பினார். சிலர் வந்து சத்தம் போட்டார்கள். அந்தத் தச்சர் கடிதத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, "மத்தவங்க சொல்லவே மாட்டாங்க" என்று சொல்லிவிட்டு ரத்தம் கொடுக்கக் கையை நீட்டினார்.

வீட்டில்தான் வெற்றி கொஞ்சம் சிக்கலாக இருந்தது. கணினியில் போலி செய்ய அவள் குரல் எங்கிருந்து போனது? என்னிடமிருந்து. அதற்கு முந்தின வருடம் எங்கள் தெருவின் துர்கா பூஜையில் யாழினி மேடையேறி நிகழ்ச்சி தொகுத்தாள், ஒரு நாடகத்தில் அழுதும் நடித்தாள். முழுவதையும் படம் எடுத்து, 'எங்க அம்மிணி' என்று தலைப்பு வைத்து, உலகம் பார்க்கும்படி போட்டவள் நான். டாக்டர்பாபு வீட்டார் பத்திரிகையில் போட்டதும் நான் போட்டதும் ஒன்றுதான். அவர்களுக்குத் துக்கம், எனக்குப் பெருமை.

எல்லாவற்றையும் அழிக்கப்போனேன். யாழினி போனைப் பிடுங்கினாள்.

"என்னோட குரல நான் எதுக்கு ஒளிச்சு வெக்கணும்? அவன் திருடினான்னா நான் ஊமையா இருக்கணுமா?"

"பயமா இருக்குது கண்ணு."

"பயப்படு. ஆனா நான் கூப்பிட்டு அழுதா, போனை வெச்சுட்டு நீ என்னைத் திருப்பிக் கூப்பிடு. நான் எடுக்கலைன்னா ஷம்பு தாவ அனுப்பு."

தலைப்பை மட்டும் அழித்தேன். வீட்டில் அவள் சொன்னதையே அலுவலகத்திலும் விதியாக்கினோம்: எதைக் கேட்டு யார் கூப்பிட்டாலும், வைத்துவிட்டு, நமக்குத் தெரிந்த எண்ணுக்கு நாமே திருப்பிக் கூப்பிட வேண்டும்.

மண்டல் பாபுவிடம் ஒரு கேள்வியை நான் பல நாள் அடக்கி வைத்திருந்தேன். கடைசியில் கேட்டேன். "நிஜமாவே அவளப் பிடிச்சு வெச்சிருந்தா?"

அவர் கோப்பின் நாடாவை அவிழ்த்து மறுபடி முடிந்தார். "அப்பவும் கொடுத்திருக்க மாட்டேன். போலீஸுக்குப் போயிருப்பேன். அதுக்கப்புறம் ஆயுசுக்கும் உங்க முகத்தப் பாக்கத் தைரியம் வந்திருக்காது. அதுக்கும் சேர்த்துத்தான் அன்னிக்கு பயந்தேன்."

இந்தப் பதில் சரியா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. தெரிந்தது இதுதான்: அழுகிற அம்மாவிடம் சரியான முடிவை எதிர்பார்க்கிற எந்த ஏற்பாடும் தப்பான ஏற்பாடு. உங்களுக்குத் தைரியம் இருக்காத நாளை, தைரியம் இருக்கும் நாளிலேயே யோசித்து வையுங்கள். என்னால் திறக்க முடியாத பூட்டை நானே போட்டிருந்தேன். என் வெற்றி அவ்வளவுதான், ஆனால் அது வெற்றிதான், அதை யாருக்கும் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

ரத்த அழுத்தம் ஏறியதால் ஓய்வு வயதுக்கு முன்பே விலகினேன். என் பாதி ரிம்பாவிடம் போனது. அவள் வைத்துக்கொண்ட புதிய பாதி என்னவென்று எனக்குத் தெரியாது.

போன மாதம் என்னுடைய பழைய தைராய்டு அறிக்கை ஒன்று தேவைப்பட்டது. டாக்டரின் அறை வாசலில் நின்றுகொண்டு, அவசரத்தில் ஆபீசுக்கு அடித்தேன். "ரிம்பா, நான்தான். என்னோட ரிப்போர்ட்ட இந்த நம்பருக்கு அனுப்பு, டாக்டர் கூப்பிடறார்."

"யாரு?"

"பசந்தி தி. என் குரல் தெரியலையா?"

"குரல் தெரியுது" என்றாள். "வைங்க."

போன் அறுந்தது. பெயரைக் கூப்பிட்டார்கள், நான் உள்ளே போகவில்லை. வாசலில் நின்று கைபேசியையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு நிமிடம் இருக்கும். நிலையத்தின் எண்ணிலிருந்து அழைப்பு வந்தது. நாற்காலிப் பிடியைத் தேடாமல் எடுத்தேன்.